கம்பவுண்டரின் இடது பக்கம்

மார்ச் 3, திங்கள்

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் இப்படிச் சொல்லலாம். மேம்பாலத்தைத் திறந்து, ரிப்பன் காய்வதற்குள் திரும்ப மூடிய வருஷம். என் மருமகள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டு எங்கள் வீட்டு கேட்டையே இடித்த வருஷம். கம்பவுண்டரின் பல் உடைந்த வருஷம்.

இதை நான் எழுதவில்லை. சொல்கிறேன், ஃபோன் எழுதிக்கொள்கிறது. தேதியும் அதுவே போட்டுக்கொள்ளும். எனக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. முப்பத்தைந்து வருஷம் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டினேன். லிஃப்டில் எழுத்து கிடையாது, அதனால் வண்டி ஓடிவிட்டது. எவன் எந்த மாடியில் ஏறி, என்ன மூஞ்சியோடு எந்த மாடியில் இறங்கினான் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்.

சர்க்கரை ஏறிவிட்டது, சாப்பிடுவதை எல்லாம் குறித்து வையுங்கள் என்று டாக்டர் சொன்னார். மருமகள் ஃபோனைக் கையில் கொடுத்தாள். "மாமா, சாப்பிட்டது என்னன்னு மட்டும் சொல்லுங்க. கதை வேண்டாம்."

சரி. இன்றைக்கு: இரண்டு ரொட்டி, முட்டையில் வெள்ளை மட்டும். மஞ்சள் எங்கே போனது என்று கேட்டேன், மருமகள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது கதை.

ஆஸ்பத்திரியில் நாங்கள் ஐந்து பேர். எக்ஸ்ரே, வாட்ச்மேன், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற கட்டு, மருந்து கொடுக்கிற கம்பவுண்டர், நான். என் பெயர் லிஃப்ட். இந்தப் பகுதியில் எந்தச் சாப்பாட்டுக் கடை புதிதாகத் திறந்தாலும் புதன்கிழமை நாங்கள் போய் உட்கார்ந்துவிடுவோம். கம்பவுண்டர் மெனு அட்டையைக் கையில் எடுத்தால் பாடப்புத்தகம் மாதிரிப் படிப்பார். அவர் முடிவு பண்ணுவதற்குள் எங்களுக்கு அடுத்த வேளைப் பசி வந்துவிடும். பொறுக்க முடியாமல் எக்ஸ்ரே ஒரு சட்டம் போட்டார்: எவனும் தனக்குத் தானே சாப்பாடு சொல்லக் கூடாது. ஒவ்வொருத்தனும் தன் இடது பக்கத்து ஆளுக்குச் சொல்ல வேண்டும். வந்ததை வாயை மூடிக்கொண்டு, அதாவது வாயைத் திறந்து, சாப்பிட வேண்டும்.

அந்தச் சட்டம் இன்றுவரை மாறவில்லை. ஆட்கள்தான் குறைந்தார்கள். கடைசியில் கம்பவுண்டரும் நானும். எதிரெதிரே உட்கார்ந்தால் யாருக்கு யார் இடது? ஒரு வாரம் சண்டை போட்டு முடிவு செய்தோம். இரண்டு பேரும் ஒரே பக்கம், பஸ்ஸில் உட்காருகிற மாதிரி. நான் சுவரோரம், அவருக்கு இடது பக்கம். அவர் எனக்குச் சொல்வார். எனக்கு இடது பக்கம் சுவர். சுவர் சாப்பிடாது. அதனால் முறை சுற்றி வந்து கம்பவுண்டர் மேலேயே விழும், அவருக்கு நான் சொல்வேன். எதிர் நாற்காலிகள் சும்மா இருக்கும். சர்வர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

எனக்குச் சர்க்கரை வந்ததிலிருந்து அந்த ஆள் எந்தக் கடைக்குப் போனாலும் எனக்கு வேகவைத்த காய்தான் சொல்வார். உப்பில்லாமல். ஐஸ்கிரீம் கடையிலும் கேட்டார்.

ஜனவரியில் கேக் கடையில்தான் அந்தப் பல் விஷயம் நடந்தது. அதைப் பற்றி இப்போது பேச எனக்கு மனசில்லை. அன்றிலிருந்து பேச்சு வார்த்தை கிடையாது.

சாப்பிடாமலே இருக்க முடியுமா? வரும் புதன் தனியாகப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

டயர் கடை பக்கத்தில் புது சூப் கடை. சுவரோரம் உட்கார்ந்தேன். வலது பக்கத்து நாற்காலி காலி. சர்வர் வந்தான், மீசை பெரிது, ஆள் சிறிது.

"என்ன வேணும் ஐயா?"

"தெரியலையே."

"உங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அப்போதுதான் உறைத்தது. எனக்கு என்ன பிடிக்கும் என்று எனக்கே தெரியாது! வெளியில் நான் வாயால் கேட்டு எனக்கென்று எதுவும் சாப்பிட்டதே இல்லையே. எக்ஸ்ரேவுக்குப் பிடித்தது தெரியும், வாட்ச்மேனுக்கு ஆகாதது தெரியும்.

பக்கத்து மேசையில் கழுத்தில் அட்டை மாட்டிய ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரிடம் மரியாதையாகத்தான் கேட்டேன். "தம்பி, எனக்கு ஒரு சாப்பாடு சொல்ல முடியுமா?"

அவர் என் சட்டையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார். "இவருக்கு என்ன வேணுமோ குடுத்துடுங்க, என் கணக்குல போட்டுக்கங்க" என்று சர்வரிடம் சொல்லிவிட்டுக் கண்கலங்க எழுந்து போய்விட்டார். கூப்பிடக் கூப்பிட நிற்கவில்லை. எட்டு மாடி ஆஸ்பத்திரியை மேலும் கீழும் இழுத்தவனைப் பிச்சைக்காரன் ஆக்கிவிட்டான் பாவி.

கடைசியில் மீசையே எனக்கு என்னமோ கொண்டுவந்து வைத்தான். சிவப்பாக இருந்தது. வைத்தவன் போகாமல் காலி நாற்காலியைப் பார்த்தபடி, "ஐயா, நேத்துகூட இதே மாதிரி..." என்று ஆரம்பித்தான். அதற்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார்.

இதே மாதிரி என்ன?

மார்ச் 6, வியாழன்

கஞ்சி. கஞ்சி மட்டும். காரணம் கேட்காதே.

மார்ச் 12, புதன்

தனியாகப் போனால் கதைக்கு ஆகாது என்று மருமகளைக் கூப்பிட்டேன். கோழி வறுவல் கடை, பெட்ரோல் பங்க் எதிரில். சட்டத்தைச் சொல்லி என் வலது பக்கம் உட்காரவைத்தேன்.

"விளையாட்டா மாமா இது?"

"சட்டம்மா."

அவள் எனக்குச் சொன்னது பச்சை இலை. ஆட்டுக்குப் போடுகிற மாதிரி ஒரு கிண்ணம். அவளுக்குச் சொல்ல வேண்டியது என் முறை. பாவம், எடை குறைக்கிறாள், கொஞ்சமாகச் சாப்பிடட்டும் என்று அட்டையில் இருந்ததிலேயே சின்னப் படத்தைப் பார்த்து விரலை வைத்தேன்.

வந்தது ஒரு வாளி. நிஜ வாளி, கைப்பிடியோடு. ஒரு குடும்பமே சாப்பிடுகிற அளவுக்குக் கோழி. சாமான் பெரிதாக இருந்தால் படமும் பெரிதாக இருக்க வேண்டாமா?

"மாமா! என்ன இது?"

"வந்ததைச் சாப்பிடணும்மா. சட்டம்."

வாளியை முறைத்தாள். என்னை முறைத்தாள். ஒரு துண்டு எடுத்தாள். அப்புறம் கை நிற்கவில்லை. பாதி வாளிக்கு மேல் ஒரே ஆளாக இறக்கிவிட்டு, விரலைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இதை அந்த ஃபோன்ல சொல்லிடாதீங்க மாமா."

சொல்லவில்லை. இன்றைக்குச் சாப்பிட்டது: இலை.

நல்ல பெண்தான். ஆனாலும் கம்பவுண்டர் ஆகமாட்டாள். சாப்பிடும்போது என்னைத் திட்டவே இல்லை.

மார்ச் 13, வியாழன்

மருந்துக் கடை வாசலில் அவரைப் பார்த்தேன். எதிர்ச் சாரியில் நின்றார். புதுப் பல் கட்டியிருக்கிறார். அளவு தப்பு, வாய் மூடவில்லை. என்னைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்து நானும் லேசாகச் சிரித்துத் தொலைத்தேன். அப்புறம் பார்த்தால் அவர் பஸ்ஸைப் பார்த்தும் சிரிக்கிறார், நாயைப் பார்த்தும் சிரிக்கிறார். பல் அப்படி. ஆள் கோபமாகத்தான் இருக்கிறார்.

என் சிரிப்பு வீண்.

இளைத்த மாதிரி தெரிந்தது. எனக்கென்ன?

மார்ச் 19, புதன்

நூடுல்ஸ் கடை. சர்வரே கிடையாது. மேசையில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கட்டம் ஒட்டியிருக்கிறது. அதில்தான் சொல்ல வேண்டும் என்று பின் மேசைக்காரர் சொன்னார். குனிந்து அந்தக் கட்டத்திடம், "நான் லிஃப்ட் பேசறேன், எனக்கு என்ன குடுக்கலாம்னு நீயே சொல்லு" என்றேன். பதில் வரவில்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னேன். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

முதலாளியம்மா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா முகம் மாறிவிட்டது.

"ஐயா, நேத்து ஒரு பெரியவர் இங்கதான் உக்காந்தாரு. இடது பக்கத்து சீட்டுக்கு ஒரு பிளேட்டு சொன்னாரு. சீட்டு காலி."

"என்ன பிளேட்டு?"

"வேகவைச்ச காய். உப்பு போடக் கூடாதுன்னு மூணு தடவ சொன்னாரு."

என் பல்லைத் தொட்டுக் காட்டினேன். "பல்லு பெருசா?"

"ஆமாங்க. முகம் சிரிச்ச மாதிரியே இருக்கு, ஆனா திட்டறாரு. 'சாப்பிடுய்யா, ஆறிப்போகுது'ன்னு சீட்டைத் திட்டறாரு. அப்புறம், 'சரி, எனக்கு என்ன சொல்ற?'ன்னு சீட்டையே கேட்டாரு. கொஞ்ச நேரம் பாத்தாரு. சீட்டு என்னங்க சொல்லும்? ஒரு டீ குடிச்சிட்டுப் போயிட்டாரு."

"அவரு ஒண்ணும் சாப்பிடலையா?"

"டீ மட்டுந்தாங்க."

நூடுல்ஸ் வந்தது. ஒவ்வொன்றும் மூன்று முழம். நான் அதைச் சாப்பிட்டேனா, அது என்னைச் சாப்பிட்டதா, ஞாபகமில்லை. எனக்கே ஞாபகமில்லை என்றால் பார்த்துக்கொள்.

மார்ச் 20, வியாழன்

சூப் கடைக்குத் திரும்பப் போய் மீசையைப் பிடித்தேன். ஆமாம், அன்றைக்கு முந்தின நாளும் அதே ஆள், அதே காய், அதே திட்டு. கோழிக் கடையிலும் விசாரித்தேன். அங்கேயும் செவ்வாய்க்கிழமை. அங்கே காய் இல்லை என்றதும், பக்கத்துக் கடையில் கேரட் வாங்கி வந்து வேகவைத்துத் தரச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய். நான் புதன். ஒரு நாள் முந்திக்கொண்டு போகிறார் மனுஷன். என்னைக் கிண்டல் பண்ணவா? அப்படியானால் பார்க்க நான் அங்கே இருக்க வேண்டுமே! ஆளில்லாத நாற்காலிக்கு எவன் கிண்டல் பண்ணுவான்?

சரி, சொல்லிவிடுகிறேன். அந்தப் பல்.

அன்று கேக் கடையில் எனக்குக் காய் கேட்டு, சர்வரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்தது. அவருக்கு அப்போதுதான் பழைய பல் செட் ஆட ஆரம்பித்திருந்தது. அட்டையில் எழுத்து எனக்கு உதவாது, படம்தான். ஒரு படம் வெள்ளை வெளேரென்று, மேகம் மாதிரி, ஊதினால் பறந்துவிடும் போல இருந்தது. இருப்பதிலேயே மெத்தென்று இதுதான், பல்லுக்கு வேலை இல்லை என்று விரலை வைத்தேன்.

அது மேகம் இல்லை. முட்டை வெள்ளையையும் சர்க்கரையையும் அடித்து, அடுப்பில் வைத்துக் காயவைத்த கட்டி. சுவர் இடிக்கலாம். ஆசையாகக் கடித்தார். சத்தம் கல்லாப்பெட்டி வரை கேட்டது. மேல் செட் இரண்டாகப் பிளந்து, ஒரு பாதி காப்பியில் விழுந்தது. சர்வர் சிரித்துவிட்டான்.

"வேணும்னேதானய்யா பண்ணின? காய் சொன்னதுக்குப் பழி வாங்கறியா?" என்று பல்லில்லாத வாயால் கேட்டார்.

இல்லை என்று சொன்னால் என்ன ஆகியிருக்கும்? உன் பல்லை நினைத்துப் பதமாகப் பார்த்துத்தான் சொன்னேன் என்று, அந்தச் சர்வர் சிரித்துக்கொண்டு நிற்கும்போது, ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளையிடம் எப்படிச் சொல்வது?

"ஆமா, வேணும்னுதான்" என்றேன்.

அவ்வளவுதான். எழுந்து போய்விட்டார். காப்பியில் இருந்த பாதியை நான்தான் ஸ்பூனால் எடுத்துக் கழுவினேன். என் அலமாரியில் இன்னும் இருக்கிறது. ஒரு நாள் மருமகள் பார்த்து அலறினாள்.

மார்ச் 24, திங்கள்

முடிவெட்டப் போனேன். முடிவெட்டுபவருக்கு ஊர்ச் செய்தி எல்லாம் தலை வழியாக வரும்.

"விஷயம் தெரியுமா? கம்பவுண்டர் ஐயாவுக்கு மூளை கலங்கிடுச்சாம்."

"யார் சொன்னா?"

"கடைகள்ல காலி சேரோட பேசறாராம், சண்டை போடறாராம். யாரோ அவர் பொண்ணுக்கு ஃபோன் பண்ணிட்டாங்க. வந்திருக்கு. அப்பாவைக் கையோட கூட்டிட்டுப் போகப் போறேன், இங்க தனியா விடமாட்டேங்குது. எங்க? விமானத்துல போற தூரம்."

"அவரு என்ன சொல்றாரு?"

"அவரு வரமாட்டேன்னுதான் சொல்றாரு. ஆனா பல்லு அப்படி இருக்கே, சிரிச்சிட்டே சொல்றாரு. யார் நம்புவா?"

அரை மண்டை முடியோடு எழுந்துவிட்டேன். தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

அவருக்கு மூளை கலங்கவில்லை. சட்டப்படி நடக்கிறார், அவ்வளவுதான். அதைச் சொன்னால் என்னையும் சேர்த்து ஏற்றி அனுப்பிவிடுவார்கள். எக்ஸ்ரே இருந்திருந்தால் விளக்குவார். வாட்ச்மேன், கட்டு யாராவது இருந்தாலும் சாட்சி உண்டு. இப்போது அந்தச் சட்டம் தெரிந்தவன் உலகத்திலேயே நான் ஒருத்தன்தான் பாக்கி. நானும் போகிறேன், தப்பான நாளில்.

நாளைக்குச் செவ்வாய்.

மார்ச் 25, செவ்வாய்

தபால் ஆபீஸ் பின்னால் புதிதாகத் திறந்திருக்கும் பொரியல் கடை. நினைத்தது சரி. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன். கம்பவுண்டர் பஸ் பயணி மாதிரி ஒற்றையாக உட்கார்ந்திருந்தார். இடது பக்கம், சுவரோரம், காலி நாற்காலி. அதற்கு முன்னால் தட்டு. பீன்ஸ், கேரட், பூக்கோசு. ஆவி வந்தது. மூலை மேசையில் மெனு அட்டைக்குப் பின்னால் ஒரு பெண். அட்டையைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். எனக்கே தெரிந்தது, படத்தில் இருந்த டீ கப் கவிழ்ந்திருந்தது. அவர் மகள்தான்.

"சாப்பிடுய்யா, ஆறிப்போகுது" என்று நாற்காலியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். பீன்ஸை எடுத்து வாயில் போட்டேன். கடவுளே, அட்டையை வேகவைத்த மாதிரி இருந்தது.

"உப்பில்ல" என்றேன்.

அவர் திரும்பவில்லை. "உனக்கு உப்பு கிடையாது. பிரஷர் வேற இருக்கு."

"எனக்குச் சர்க்கரைதான்யா. பிரஷர் உனக்கு."

"வரும்."

கொஞ்ச நேரம் மென்றேன். மூலையில் அட்டை மெதுவாகக் கீழே இறங்கியது.

"செவ்வாய்க்கிழமை எதுக்குய்யா வர்ற?"

"புதன்கிழமை வந்தா நீ இருப்ப. உன் மூஞ்சிய எவன் பாக்கறது?"

"அப்ப எனக்கு எதுக்குச் சாப்பாடு சொல்ற?"

"நான் உனக்குச் சொன்னாத்தானே நீ எனக்குச் சொல்லுவ? எக்ஸ்ரே போட்ட சட்டத்தை நான் மீற முடியுமா?" குரல் லேசாக உடைந்தது. பல் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது. "ரெண்டு மாசமா செவ்வாய்னா டீதான்யா. வீட்டுக்குப் போனாலும் ஒண்ணும் இறங்க மாட்டேங்குது."

சர்வரைக் கூப்பிட்டேன். கல்யாண வீட்டு மாப்பிள்ளை மாதிரி சட்டை போட்டிருந்தான். "உங்ககிட்ட இருக்கறதுலயே மெத்துனு எது?"

"புட்டிங் இருக்கு சார்."

"படத்தைக் காட்டாத. பொருளைக் கொண்டா."

கொண்டுவந்தான். மேசையில் வைக்கவிடாமல் வாங்கி, நடுவில் விரலை விட்டுக் குத்திப் பார்த்தேன். அடிவரை போனது. ஓரத்திலும் குத்தினேன். அப்புறம்தான் அவர் முன்னால் தள்ளினேன்.

"யோவ், விரலை விட்டுட்டியேய்யா!"

"அன்னிக்கே விட்டிருக்கணும்." சொல்லத் தொடங்கியாயிற்று, இனி நிறுத்த முடியாது. "அன்னிக்கு வேணும்னு பண்ணலைய்யா. படத்துல பஞ்சு மாதிரி இருந்துச்சு. உன் பல்லு ஆடுதேன்னு, மெத்துனு பாத்துத்தான் சொன்னேன்."

"பஞ்சு சாப்பிடற ஆளா நான்?"

"அதான் தோணல."

"அப்புறம் ஏன்யா 'ஆமா'ன்ன?"

"சர்வர் சிரிச்சான்."

கம்பவுண்டர் புட்டிங்கைப் பார்த்தார். நடுவில் என் விரல் போட்ட ஓட்டை. அதிலிருந்தே ஸ்பூனால் எடுத்தார். ஒரு வாய், இரண்டு வாய், மூன்று. "நானும்தான் சிரிச்சிருப்பேன்" என்றார். "வாயில பல்லு இருந்திருந்தா."

அப்போது மகள் எங்கள் மேசைக்கு வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. சின்னவளாக இருந்தபோது ஐந்தாவது மாடிக்குப் போகவேண்டுமென்று என் லிஃப்டில் ஏறி, பட்டனை எல்லாம் அமுக்கி வைத்தவள்.

"லிஃப்ட் மாமா... அப்பா இத்தனை நாளா பேசினது உங்ககூடவா?"

"ஆமாம்மா. நான்தான் கொஞ்சம் லேட்டு."

"எவ்வளவு லேட்டு?"

"ஒரு நாள்" என்றார் கம்பவுண்டர், வாய் நிறைய புட்டிங்கோடு. "ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் லேட்டா வருவான். ஆஸ்பத்திரியிலயும் லிஃப்ட் இப்படித்தான். கூப்பிட்டா வராது."

"எட்டு மாடிய்யா! ஒரே லிஃப்ட்!"

சண்டை சூடு பிடித்தது. மகள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அங்க உக்காராத" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம். "இடது வலது குழம்பிடும்."

டாக்டருக்கு: வேகவைத்த காய், ஒரு தட்டு முழுக்க. உப்பில்லை. சந்தேகமிருந்தால் சாட்சி உண்டு.

மார்ச் 30, ஞாயிறு

மகள் ஊருக்குக் கிளம்பினாள். தனியாக. அப்பாவின் பல்லை மட்டும் பல் டாக்டரிடம் கொடுத்துத் தேய்த்துச் சரிசெய்து கொடுத்துவிட்டுப் போனாள். இப்போது அவர் கோபமாக இருந்தால் கோபமாகவே தெரிகிறது. எனக்கு அந்தப் பழைய சிரிப்பே தேவலை.

அலமாரியில் இருந்த பாதிப் பல்லைத் திருப்பிக் கொடுத்தேன். "இதை வெச்சு நான் என்னய்யா பண்றது?" என்று கேட்டுவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

செவ்வாயா புதனா என்று தகராறு. செவ்வாய் அவருடையது, புதன் என்னுடையது. கடைசியில் இரண்டு நாளும் போவதென்று முடிவு. மருமகள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இந்த வாரச் சாப்பாடு: காய், காய்.

ஏப்ரல் 15, செவ்வாய்

மூடின மேம்பாலத்துக்கு அடியில் புதிதாகத் திறந்த கடை. நல்ல கூட்டம், வாசலில் வரிசை. ஒரு பெண் ஒவ்வொருவரிடமும் கேட்டுக் கேட்டு உள்ளே விட்டாள்.

"எத்தனை பேர் ஐயா?"

"அஞ்சு" என்றார் கம்பவுண்டர், பழக்கதோஷத்தில். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் திருத்தவில்லை.

வட்ட மேசை கொடுத்தாள். வட்டத்தில் உட்கார்ந்து எத்தனை வருஷம்! இரண்டு பேரும் அவரவர் பழைய இடத்தில் உட்கார்ந்தோம். ஐந்து பேரும் வட்டமாக உட்கார்ந்த காலத்தில் நான் அவருக்கு வலது பக்கம், அவருக்குச் சொல்வது நான். அந்தப் பெண் தண்ணீர் ஐந்து கிளாஸ் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள்.

"மத்தவங்க வந்ததும் ஆர்டர் எடுத்துக்கட்டுமா?"

"வரமாட்டாங்கம்மா" என்றேன். "நீ எடுத்துக்க."

அவளுக்குப் புரியவில்லை. நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கேட்கிறாளே, சொல்லிவிடலாம் என்று, என் வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்து வரிசையாகக் கை காட்டினேன். இது எக்ஸ்ரே, சட்டம் போட்டவர், எனக்குச் சாப்பாடு சொல்கிறவர், தலை வாரிக்கொண்டே போய்ச் சேர்ந்தார். அது வாட்ச்மேன், பால் ஆகாது, மழைக் காலத்தில் போனார். அதற்கு அடுத்தது கட்டு, எதைக் கொடுத்தாலும் இன்னொன்று கேட்பார், போன வருஷத்துக்கு முந்தின வருஷம்.

"இந்தப் பக்கம் ஐயா?"

என் இடது பக்கம் மெனு அட்டையைப் பாடப்புத்தகம் மாதிரி விரித்து வைத்துக்கொண்டு, இந்தக் கடையில் வேகவைத்த காய் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

"இவரு இருக்காரும்மா" என்றேன். "கம்பவுண்டர்."